கேப்பையா கம்பா: ஒரே பானையில் எதைக் காய்ச்சுவது?

எங்கள் வீட்டில் பங்குனி பிறந்ததிலிருந்து ஆடி முடியும் வரை காலைச் சாப்பாடு கூழ்தான். திருமங்கலத்து வெயிலில் எட்டு மணிக்கே அடுப்படியில் நிற்க முடியாது. முந்தின நாள் சாயங்காலம் காய்ச்சி வைத்ததைக் காலையில் கரைத்து ஆளுக்கொரு சொம்பு கொடுத்துவிட்டால், பள்ளிக்கூடம் போகிறவள் போய்விடுவாள், பட்டறைக்குப் போகிறவர் போய்விடுவார், அத்தையும் மதியம் வரை எதுவும் கேட்க மாட்டார்கள். இத்தனை வருஷமும் கேப்பை ஒரு நாள், கம்பு ஒரு நாள், கைக்கு எது அகப்படுகிறதோ அது என்று ஓடிக்கொண்டிருந்தது. இந்த வருஷம்தான் எதைக் காய்ச்சுவது என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டியதாயிற்று.

காரணம் மகள். அவளுக்கு வயது 13. பங்குனியில் இரத்தப் பரிசோதனை செய்தபோது ஹீமோகுளோபின் 9.6 என்று வந்தது. அந்த வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனாலே இரத்தசோகை என்று கணக்கு. டாக்டர் தினமும் ஒரு இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார், சாப்பாட்டையும் கவனிக்கச் சொன்னார். வீட்டுக்கு வந்து சொன்னதும் அத்தை, "ஏத்தா, இதுக்கு ஏன் கவலைப்படுற, நாளையிலிருந்து கேப்பையை மட்டும் காய்ச்சு, ரத்தம் தானா ஊறும்" என்றார்கள். போனில் கேட்ட என் அம்மாவோ பேரையூர்ப் பக்கத்துக்காரி, கம்மஞ்சோறு சாப்பிட்டே வளர்ந்தவள், "கம்பைக் குடுடி, கேப்பையில என்ன இருக்கு" என்றாள். இருக்கிறது ஒரு பானை, காய்ச்சப் போகிறவள் நான் ஒருத்தி. எனவே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் இந்திய உணவுகளின் சத்துப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. நான் பார்த்தது அதைத்தான். 100 கிராம் முழுத்தானியத்துக்கு அதில் உள்ள கணக்கு இது. கேப்பையில் புரதம் 7.2 கிராம், கம்பில் 11 கிராம். கொழுப்பு கேப்பையில் 1.9, கம்பில் 5.4. நார்ச்சத்து இரண்டிலும் 11 கிராமுக்கு மேல், ஏறக்குறைய சமம். மாவுச்சத்து கேப்பையில் 67, கம்பில் 62. கலோரியில் கம்பு கொஞ்சம் கூட, 348-க்கு 321. இரும்பு கேப்பையில் 4.6 மில்லிகிராம், கம்பில் 6.4. கடைசியாகக் கால்சியம்: கேப்பையில் 364 மில்லிகிராம், கம்பில் வெறும் 27.

இதே பட்டியலில் தீட்டிய வெள்ளை அரிசிக்கு இரும்பு 0.65, கால்சியம் 7.5, நார்ச்சத்து 2.8 என்று போட்டிருக்கிறது. ஆகவே இரண்டில் எதைக் குடித்தாலும் இட்லி தோசையைவிடத் தேவலை, அதில் சந்தேகமே வேண்டாம். கேள்வி இரண்டுக்கும் நடுவில்தான்.

இந்த எண்களைப் பார்த்ததும் "இரும்புக்குக் கம்பு, எலும்புக்குக் கேப்பை" என்று ஒரு வரியில் முடித்துவிடத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் 100 கிராம் கணக்கை யாரும் குடிப்பதில்லையே, சொம்பைத்தான் குடிக்கிறோம். நாலு பேருக்குக் காய்ச்சுகிற மாவைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 200 கிராம் வந்தது. அப்படியென்றால் ஆளுக்கு 50 கிராம்.

50 கிராம் கம்பில் இரும்பு 3.2 மில்லிகிராம். 50 கிராம் கேப்பையில் 2.3. வித்தியாசம் ஒரு மில்லிகிராம்கூட முழுசாக இல்லை. 13 வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 30 மில்லிகிராம். தானியத்தில் இருக்கிற இரும்பில் பத்தில் ஒரு பங்கு உடம்பில் சேர்ந்தாலே பெரிது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கம்பா கேப்பையா என்ற சண்டை என் மகளின் இரத்தத்தைப் பொறுத்தவரை ஒரு துளிக்கான சண்டை. பள்ளிக்கூடங்களில் வாரம் ஒன்று கொடுக்கிறார்களே நீல மாத்திரை, அது ஒன்றில் மட்டும் இரும்பு 60 மில்லிகிராம். இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் "கூழ் குடிக்கிறாளே, மாத்திரை எதற்கு" என்று நிறுத்திவிடுகிற வீடுகளை எனக்கே தெரியும். ஹீமோகுளோபின் ஒன்பதில் நிற்கிற பிள்ளைக்குக் கூழ் மருந்தாகாது, மாத்திரையை நிறுத்தக் கூடாது. கூழ் பக்கத்துணை மட்டும்.

கால்சியம் கதை வேறு. 50 கிராம் கேப்பையில் 182 மில்லிகிராம், 50 கிராம் கம்பில் 14. பதின்மூன்று மடங்கு. ஒரு டம்ளர் பசும்பாலில், அதாவது 150 மில்லியில், ஏறக்குறைய 175 இருக்கும். பால் பிடிக்காத பிள்ளைகள், பால் வாங்கிக் கட்டுப்படியாகாத வீடுகள், மாதவிடாய் நின்றபின் எலும்பு தேய்கிற பெண்கள், இவர்களுக்குக் கேப்பையின் இடத்தில் கம்பை வைக்கவே முடியாது. பாலில் இருப்பதைப் போல அவ்வளவு எளிதில் கேப்பைக் கால்சியம் உடம்பில் சேராது என்பது உண்மைதான், அதைக் கட்டிப் பிடித்து வைக்கிற ஃபைட்டிக் அமிலமும் ஆக்சலேட்டும் கேப்பையில் இருக்கின்றன. அப்படிக் கழித்துப் பார்த்தாலும் கம்பு பக்கத்தில் வர முடியாது.

ஆகவே நான் கண்டுகொண்டது இதுதான்: இரண்டுக்கும் இடையில் பெரிய பள்ளம் கால்சியத்தில் இருக்கிறது, நடுத்தரமான பள்ளம் புரதத்திலும் கொழுப்பிலும் இருக்கிறது, நாம் எதற்காகச் சண்டை போடுகிறோமோ அந்த இரும்பில் இருப்பது சின்ன வரப்புதான். அந்த வரப்பைத் தாண்டுவதற்கு எந்தத் தானியம் என்பதைவிட அதை எப்படிக் காய்ச்சுகிறோம், கூட என்ன கடித்துக்கொள்கிறோம் என்பது முக்கியம்.

காய்ச்சுகிற முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் சொல்வதில்லை.

அத்தை கேப்பையைக் காய்ச்சுகிற விதம் இப்படி. மாவை முந்தின நாள் இரவே தண்ணீரில் தோசைமாவுப் பதத்துக்குக் கரைத்து மூடி வைத்துவிடுவார்கள். மறுநாள் திறந்தால் மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும், சின்னச் சின்னக் குமிழியாகப் பொங்கியிருக்கும், மூக்கில் லேசான புளிப்பு ஏறும். ஒரு கை நொய்யரிசியைக் குழைய வேகவைத்து அதில் இந்த மாவை ஊற்றி, துடுப்பால் அடி பிடிக்காமல் கிண்டி, கையை நனைத்துத் தொட்டால் ஒட்டாத பதத்தில் இறக்குவார்கள். அப்புறம் இன்னொரு இரவு ஆற வேண்டும். இரண்டு நாள் வேலை.

அம்மா கம்புக்குச் செய்வது வேறு. சின்ன வயதில் அப்பத்தா வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கம்பில் தண்ணீரைத் தெளித்துப் பிசறி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, உரலில் போட்டுக் குத்துவார்கள். உமி கழன்று வரும், அதைச் சுளகில் புடைத்தெடுத்துவிட்டு மறுபடியும் குத்துவார்கள். அந்தத் தூசி கழுத்தில் பட்டால் சாயங்காலம் வரை அரிக்கும். பாதி மாவும் பாதி குருணையுமாக இடிபட்டதும் குருணையை முதலில் உலையில் போட்டு, வெந்தபின் மாவைக் கரைத்து ஊற்றிக் கெட்டியாகக் காய்ச்சி, ஆறினதும் உருண்டை பிடித்துத் தண்ணீர்ப் பானையில் போட்டுவிடுவார்கள். காலையில் உருண்டையை மோர் விட்டுக் கரைத்தால் கூழ், மிச்சம் நிற்கிற தண்ணீர் நீச்சத்தண்ணி. குத்துகிற வேலை இன்றைக்கு மில்லுக்குப் போய்விட்டது, மற்றதெல்லாம் அம்மா அப்படியேதான் செய்கிறாள்.

இரண்டு முறைக்கும் என்ன வித்தியாசம் என்று பாருங்கள். கேப்பை வேகும் முன்னாலேயே புளிக்கிறது. கம்பு வெந்த பின்னால்தான் புளிக்கிறது. தானியத்தில் இரும்பையும் துத்தநாகத்தையும் கால்சியத்தையும் பிடித்துக் கட்டி வைத்திருப்பது ஃபைட்டிக் அமிலம். அதை உடைக்கிற ஃபைட்டேஸ் என்ற நொதி தானியத்திலேயே இருக்கிறது. பச்சை மாவை ஊறவைத்துப் புளிக்கவிட்டால் அது வேலை செய்யும், கொதிக்க வைத்தால் செத்துப்போகும். அப்படியென்றால் அத்தையின் முறையில் கேப்பையின் கட்டு அவிழ்கிறது, அம்மாவின் முறையில் கம்பின் கட்டு பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. காய்ச்சியபின் புளிப்பதால் நன்மையே இல்லை என்று சொல்லவில்லை, பாக்டீரியாக்கள் அவற்றின் பங்குக்குக் கொஞ்சம் செய்யும், வயிற்றுக்கும் நல்லது. ஆனாலும் கம்பை நம்பி இரும்பு தேடுகிறவர்கள் கம்பையும் காய்ச்சும் முன்னாலேயே ஒரு இரவு ஊறவைத்துப் புளிக்கவிட்டால் அதன் பலன் கூடுதலாகக் கிடைக்கும். இதை அம்மாவிடம் சொன்னபோது முதலில் ஒப்புக்கொள்ளவில்லை, மாவு கெட்டுப்போகும் என்றாள். குருணையும் மாவுமாகக் கலந்து, பழைய கூழ் ஒரு கரண்டி விட்டு ஊறவைத்து, மறுநாள் காய்ச்சிக் கொடுத்தேன். "வாசம் வேற மாதிரி இருக்கு, நல்லாத்தான் இருக்கு" என்றாள். மெய்யாகவே வாசம் வேறு மாதிரிதான், அம்மா காய்ச்சுவதைவிடப் புளிப்பு தூக்கலாக இருக்கும், மோரைக் குறைத்துக்கொள்ளலாம்.

கேப்பையின் பக்கமும் ஒரு குறை உண்டு. அதன் செம்பழுப்பு நிறத் தோலில் இருக்கிற துவர்ப்புப் பொருள்கள், டீயில் இருக்கிறதே அதே வகை, இரும்பை உடம்பில் சேர விடாமல் தடுக்கும். முளைகட்டினால் அது ஓரளவு குறையும். ஒரு இரவு ஊறவைத்து, ஈரத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, முளை எட்டிப்பார்த்ததும் நிழலில் உலர்த்தி அரைத்து வைத்துக்கொண்டால் போதும். குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்ததும் முளைகட்டிய கேப்பையைப் பால் எடுத்துக் காய்ச்சிக் கொடுக்கிற நம் ஊர் வழக்கம் மிக நல்ல வழக்கம். இன்னொன்று, மில்லில் அரைத்து வந்த கேப்பை மாவைச் சலிக்காதீர்கள். கால்சியம் நிறைய அந்தத் தோலில்தான் இருக்கிறது. தானியம் ரொம்பப் பொடிசு என்பதால் உமியோடு சேர்த்துத்தான் அரைபடுகிறது, அது நமக்கு நல்லதுதான். கம்பைத்தான் பார்த்து வாங்க வேண்டும். கடையில் வழுவழுவென்று மஞ்சளாக இருக்கிற கம்பு பட்டை தீட்டியது. மேலே நான் சொன்ன எண்கள் அதற்குப் பொருந்தாது, சாம்பலும் பச்சையும் கலந்த நிறத்தில் இருப்பதை வாங்குங்கள்.

அடுத்தது கூடக் கடித்துக்கொள்வது. இதில் நம் ஆட்கள் தெரிந்தோ தெரியாமலோ சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். கூழுக்கு மாங்காய்ப் பத்தை வைப்பது ருசிக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். வைட்டமின் சி அதே வாய்க்குள் போனால் தானிய இரும்பு உடம்பில் சேர்வது நன்றாகவே கூடும். மாங்காய் இல்லாத நாளில் ஒரு பெருநெல்லிக்காய், இல்லாவிட்டால் அரை எலுமிச்சம்பழத்தைக் கூழிலேயே பிழிந்துவிடலாம். நெத்திலிக் கருவாடு சேர்த்துக்கொள்கிற வீடாக இருந்தால் இன்னும் நல்லது, மீனும் கறியும் தானிய இரும்பைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போகும். சின்ன வெங்காயத்துக்கும் இந்தக் குணம் உண்டு. வெங்காயமும் பூண்டும் தானியத்தில் இருக்கிற இரும்பையும் துத்தநாகத்தையும் கூடுதலாக வெளியே கொண்டுவருகின்றன என்று மைசூரில் இருக்கிற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகள் 2010-இல் எழுதியிருக்கிறார்கள். ஆய்வகத்தில் செய்த சோதனைதான், ஆளுக்குக் கொடுத்துப் பார்த்ததில்லை, இருந்தாலும் நாலு வெங்காயத்தை உரித்து வைப்பதில் நமக்கு என்ன நஷ்டம்?

கெடுப்பது எது என்றால் டீ. கூழ் குடித்த கையோடு டீ குடிக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இருந்தது, மகளுக்கும் அரை டம்ளர் போய்க்கொண்டிருந்தது. அதை நிறுத்தினேன். மற்றவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் டீ. கேப்பையா கம்பா என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்த அந்த ஒரு மில்லிகிராமைவிட இந்த டீயை நகர்த்தியதுதான் பெரிய காரியம் என்று நினைக்கிறேன். அவளுடைய இரும்பு மாத்திரையையும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குப் பின் என்று மாற்றிக்கொண்டோம், கேப்பைக் கால்சியத்தோடும் மோரோடும் அது மோத வேண்டாம் என்பதற்காக.

சரி, அத்தைக்கு வருவோம். வயது 66, சர்க்கரை பத்து வருஷமாக இருக்கிறது, முழங்கால் வலியும் உண்டு. கேப்பை சர்க்கரைக்கு நல்லது என்று ஊரே சொல்லும். கேப்பைக் களிக்கு, அடைக்கு அது ஓரளவு பொருந்தலாம், கூழுக்குப் பொருந்துவது சந்தேகம். நைசாக அரைத்த மாவு, கூடக் குழைந்த நொய்யரிசி, அதையும் தண்ணீராகக் கரைத்து ஒரே மூச்சில் குடித்தால் வயிற்றில் எவ்வளவு நேரம் நிற்கும்? வீட்டில் சர்க்கரை பார்க்கிற மிஷின் இருக்கிறது. கேப்பைக்கூழ் குடித்த இரண்டு நாளிலும் இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 210-ஐத் தாண்டியது. கம்மங்குருணை அதிகமாகவும் மாவு குறைவாகவும் போட்டுக் கெட்டியாகக் காய்ச்சிக் கொடுத்த நாள்களில் 180-ஐ ஒட்டி நின்றது. ஒரு ஆளின் உடம்பில் நாலு நாள் பார்த்த கணக்கு இது, இதை வைத்து ஊருக்குச் சட்டம் சொல்ல மாட்டேன், உங்கள் வீட்டில் மிஷின் இருந்தால் நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பில் மாவுச்சத்து கொஞ்சம் குறைவு, புரதமும் கொழுப்பும் கூட, குருணையாக வேறு இருக்கிறது, ஆகவே மெதுவாகச் செரிப்பதில் ஆச்சரியமில்லை. பிறகு அத்தையின் கால்சியத்துக்கு என்ன வழி? கூழாகக் கொடுக்காமல் முருங்கைக்கீரை போட்டுக் கேப்பை அடையாகத் தட்டிக் கொடுக்கிறேன். கீரையிலும் கால்சியம் இருக்கிறது, மென்று தின்பதால் சர்க்கரையும் நிதானமாக ஏறுகிறது.

வத்தலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மோர்மிளகாயும் சீனியவரை வத்தலும் இல்லாமல் கூழ் இறங்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதில் இருக்கிற உப்பு கொஞ்சநஞ்சமல்ல. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெங்காயம், மாங்காயோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வெயிலில் வேர்த்து வேலை செய்கிறவர்களுக்கு அதே உப்பு வேண்டியதாகிறது.

என் வீட்டுக்காரருக்கு லேத் பட்டறையில் நின்றபடி வேலை. அவருக்குக் கம்புதான் சரி, அவரே சொல்லிவிட்டார், கேப்பைக்கூழ் குடித்தால் பதினொரு மணிக்கு வடை தேடுகிறதாம், கம்மங்கூழ் குடித்தால் ஒரு மணி வரை தாங்குகிறதாம். 50 கிராமில் ஐந்தரை கிராம் புரதத்துக்கும் மூன்றரை கிராமுக்கும் உள்ள வித்தியாசம், கொழுப்பு மூன்று மடங்கு, அது வயிற்றுக்குத் தெரியத்தானே செய்யும். இரண்டு தானியத்திலும் லைசின் என்ற புரதக்கூறு குறைவு என்பதால் ஒரு கிண்ணம் தட்டைப்பயறோ மொச்சையோ அவித்து வைத்தால் புரதம் முழுமையாகும். செய்ய முடிகிற நாளில் செய்கிறேன்.

வாங்குவதில், வைத்துக்கொள்வதில் கேப்பை சுலபம். பெரும்பாலும் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்திலிருந்து வருவது, வருஷக்கணக்கில் வைத்தாலும் பூச்சி விழாது, மாவும் மாதக்கணக்கில் நிற்கும். கம்பு மாவு அப்படியில்லை. அதில் இருக்கிற எண்ணெய்ச் சத்து காற்றுப் பட்டதும் சிக்கு வாசம் பிடித்துவிடும், சித்திரை வெயிலில் பத்து நாளிலேயே கசக்கும். முதல் முறை இரண்டு கிலோ அரைத்து வைத்துப் பாதியைக் கொட்டினேன். இப்போது தானியமாக மதுரைக் கீழமாசி வீதியில் வாங்கி வந்து வைத்துக்கொண்டு வாரத்துக்கு அரைக் கிலோவை மட்டும் உடைத்துக்கொள்கிறேன். விலையில் இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

தைராய்டு இருக்கிறவர்கள் கம்பு சாப்பிடலாமா, அது தைராய்டைக் கெடுக்கும் என்கிறார்களே என்று தங்கை கேட்டாள். மூன்று வேளையும் கம்பையே முக்கிய உணவாகச் சாப்பிட்டு, அயோடினும் குறைவாக இருக்கிற இடங்களில்தான் அந்தப் பிரச்சினை பேசப்படுகிறது. அயோடின் உப்பு போட்ட சாப்பாட்டோடு காலையில் ஒரு சொம்புக்குப் பயப்பட ஒன்றுமில்லை. தினமும் இரண்டு வேளைக்கு மேல் என்றால் டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு இப்போது நடப்பது இது. வாரத்தில் நாலு நாள் கம்பு, முன்னாலேயே புளிக்கவைத்து, குருணை தூக்கலாக. மூன்று நாள் கேப்பை. அந்த மூன்று நாளும் அத்தைக்கு மட்டும் கூழ் இல்லை, இரண்டு அடை. அதற்கு மாவை முந்தின நாளே கொஞ்சம் எடுத்து வைத்துவிடுவதால் தனி வேலை என்று பெரிதாக எதுவும் இல்லை. மகளுக்குக் கால்சியமும் வேண்டும், நாளைக்கு 1000 மில்லிகிராம், வளர்கிற எலும்பு. எனவே அவளைக் கம்புக்கு மட்டும் விட்டுவிட எனக்கு மனமில்லை. எந்தக் கூழானாலும் அவள் சொம்பில் அரை எலுமிச்சம்பழம் உண்டு, பக்கத்தில் மாங்காய் உண்டு, டீ கிடையாது.

அம்மாவும் அத்தையும் போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒன்றாக உட்கார்ந்து குடித்தது கம்மங்கூழ். அத்தை இரண்டாவது சொம்பு கேட்டார்கள். குருணை அடியில் தங்கிவிட்டது என்று விரலால் வழித்துச் சாப்பிட்டார்கள். மகளுக்கு மறுபரிசோதனை ஆடி முதல் வாரம்.